போர்ட் பிளேரில் ஒரு பகல்: துறைமுக நீர்வழியே ஒரு பயணத் திட்டம்

தமிழகத்திலிருந்து அந்தமானுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வகையில் பயணத்தை வகுத்துக்கொள்கின்றன. ஹாவ்லாக் என முன்பு வழங்கிய ஸ்வராஜ் த்வீபுக்கு இரண்டு நாள். நீல் என வழங்கிய ஷஹீத் த்வீபுக்கு ஒரு நாள். கப்பலிலும் காத்திருப்பிலும் கழிவது ஒரு நாள். இறுதியில், ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் எஞ்சும் ஒரே ஒரு பகல் தலைநகருக்கு. அந்த ஒரு பகலை எவ்வாறு செலவிடுவது என்பதே இங்குப் பணியாற்றும் எங்களிடம் வாடிக்கையாளர்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. அவர்கள் உடனே தொடுக்கும் துணைக் கேள்வி ஒன்றுண்டு: பாராடாங்கில் அலையாத்திக் காடுகளுக்கிடையே கால்வாய் போன்ற கழியில் படகு செல்கிறதாமே, அதையும் செல்லுலார் சிறையையும் ஒரே நாளில் பார்த்துவிட இயலுமா?

இயலாது என்பது எங்கள் விடை. அதற்குக் காலம் மட்டும் காரணமன்று. அதைப் பின்னர் விளக்குவோம். நீர்மேல் சென்று வரலாறு காண விரும்புவோர் நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். போர்ட் பிளேர் துறைமுகமே இருபுறமும் குன்றுகள் அணைத்த, உள்நோக்கி நீண்டு வளைந்து செல்லும் நீர்வழிதான். இந்நகரின் கதை முழுவதும் அந்நீரின் ஓரங்களிலேயே நிகழ்ந்தது. படகில் சென்றால் அக்கதை தானாகவே வரிசையில் அமையும். வாடகைக் காரில் மட்டும் சுற்றுபவர்களுக்கு அது தனித்தனித் துண்டுகளாகவே கிடைக்கும்.

கடிகாரத்தைச் சற்று மாற்றிக்கொள்க

திட்டமிடுவோர் முதலில் கருத வேண்டியது சூரியனை. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். ஆனால் இத்தீவுகள் சென்னைக்கு மிகக் கிழக்கே உள்ளன. ஆதலின் இங்குச் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே உதித்து, முன்னதாகவே மறைகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் எட்டரை மணிக்குச் சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்புபவர் தம் பகலில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பின்னரே தொடங்குகிறார். ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும் ஊரில் ஏழு மணிக்குள் இட்லியை முடித்துவிடுவது பெரிய தியாகமன்று. அபர்டீன் கடைத்தெருவின் மணிக்கூண்டைச் சுற்றிலும் தமிழர் நடத்தும் உணவகங்கள் உள்ளன. மொழிச் சிக்கலும் எழாது. இந்நகரில் தமிழர் பெருந்தொகையினர். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வந்து நிற்பவர்களுக்குத் தாம் கடல் கடந்து வந்திருப்பதே மறந்துபோகும்.

அடுத்தது கிழமை. சாத்தம் மர ஆலைக்கு ஞாயிறு விடுமுறை. ராஸ் தீவு பொதுவாகப் புதன்கிழமையும், நகரின் அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமையும் மூடப்பட்டிருக்கும். இவை அவ்வப்போது மாறுவன. சுற்றுலா இயக்ககத்தின் அலுவலகத்தில் முதல்நாள் மாலையே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. திட்டத்தைக் கலைப்பது மழையைவிட இந்த விடுமுறைகளே என்பது நாங்கள் கண்டது.

பணம் பற்றி ஒரு சொல். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டபின், நகரில் கைப்பேசி வழிப் பணம் செலுத்துவது எளிதாகிவிட்டது. ஆயினும் படகுத்துறைகளிலும் தீவுகளிலும் அலைவரிசை எப்போது வரும், எப்போது போகும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சிறிது ரொக்கம் வைத்துக்கொள்க. அடையாள அட்டையின் அசலும் கையில் இருக்கட்டும்.

இருபது ரூபாய்த் தாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாசகர் வீட்டில் பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாள் இருந்தால் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். தென்னைகளுக்கு அப்பால் கடலும் கலங்கரை விளக்கமும் தெரியும். அது மவுண்ட் ஹாரியட் குன்றிலிருந்து நார்த் பே விரிகுடாவை நோக்கிய காட்சி. 2019-இல் வந்த புதிய தாளில் அவ்விடத்தை எல்லோரா பிடித்துக்கொண்டது. காசாளர்களாகிய நாங்கள் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கட்டிய அந்தப் படத்தின் நேர்க்காட்சி, இத்திட்டத்தின் படகுப் பயணத்திலேயே ஓரளவு கண்ணுக்குக் கிட்டும்.

காலை: துறைமுக வாயிலில் ராஸ்

முதற்படகில் ராஸ் தீவுக்குச் செல்க. 2018 டிசம்பர் 30 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் த்வீப். ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்தின் துறையிலிருந்து கால் மணி நேரத்துக்குட்பட்ட பயணமே. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில், அதே வளாகத்தில் நிற்கும் ஒரு நினைவுச் சின்னத்தைக் காணத் தவற வேண்டா. பெரும்பாலோர் அதனருகே நின்று தற்படம் எடுத்துக்கொள்கின்றனர். எதற்காக எழுப்பப்பட்டது என்று படிப்போர் சிலரே.

1859 மே 17 அன்று, பெரும் அந்தமானியர் எனப்படும் இத்தீவின் பழங்குடியினர், வில்லும் அம்பும் ஏந்தி இவ்விடத்தில் ஆங்கிலேயரின் குடியிருப்பைத் தாக்கினர். முன்னரே செய்தி கிடைத்திருந்தமையால் ஆங்கிலேயர் ஆயத்தமாக இருந்தனர். செய்தி சொன்னவர் தூத்நாத் திவாரி என்னும் கைதி. சிறைக் குடியிருப்பிலிருந்து தப்பி, ஏறத்தாழ ஓராண்டு அப்பழங்குடியினருடனேயே வாழ்ந்தவர். அவர்களே அவரைக் காத்தனர். அவர் திரும்பி வந்து எச்சரித்தார். அதன் பயனாக மன்னிப்பும் பெற்றார். அபர்டீன் போர் என இதற்குப் பெயர். ஆங்கிலேயர் வந்தபோது சில ஆயிரவராக இருந்த பெரும் அந்தமானியர், நோயாலும் நில இழப்பாலும் குன்றி, 1961 கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினர். படகு ஏறுமுன் இதை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் எதிரே தெரியும் ராஸின் அழகிய இடிபாடுகள் யாருடைய கடலில் எழுந்தவை என்பது அப்போதுதான் விளங்கும்.

1858 மார்ச் 10 அன்று, முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளுடன் மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் செமிராமிஸ் என்னும் நீராவிக் கப்பலில் இத்துறைமுகத்துக்கு வந்தார். காட்டைத் திருத்தி ராஸில் குடியிருப்பை எழுப்பியவர்கள் அக்கைதிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுமே. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அச்சிறு நிலப்பரப்பில் தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், ரொட்டி அடுமனை, அச்சகம், நீச்சற்குளம், டென்னிஸ் திடல் என ஒரு முழு நகரமே இயங்கியது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவுக்கூட்டத்தின் தலைநகரம் இதுவே. 1941 ஜூன் 26 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அதைக் குலைத்தது; அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் வந்தனர். அவர்கள் கட்டிய காவல் பதுங்குகுழிகள் கரையோரம் இன்றும் உள்ளன.

இன்று அந்த மாளிகைச் சுவர்களைத் தாங்கி நிற்பவை அத்திவகை மரங்களின் வேர்கள்தாம். செங்கல் எது, வேர் எது என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன. மான்களும் மயில்களும் அச்சமின்றி அருகில் வரும். அவற்றுக்கு பிஸ்கட் கொடுப்பதைத் தவிர்க்கவும். முதியோர்க்கு மின்கல வண்டி உண்டு. ஆயினும் தேவாலயத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் படிவழி நடப்பவர்க்கே உரியது. கிழக்குக் கரையில், திறந்த கடலின் அலை பாறையில் மோதுமிடத்தில் சற்று அமர்ந்திருக்கலாம். தீவுக்கு இரண்டு மணி நேரம் போதும். படகில் ஏறும் முன் திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்க. ராஸ், நார்த் பே இரண்டையும் சேர்த்த கூட்டுச் சீட்டை வற்புறுத்தி விற்பார்கள். நார்த் பேயில் பவளப்பாறை காண்பதும் நீர் விளையாட்டுகளும் உண்டு, குழந்தைகள் மகிழ்வர். ஆனால் ஒரே பகல் கொண்டவர்க்கு அது பிற்பகலை விழுங்கிவிடும். நாங்களாயின் ராஸுக்கு மட்டுமே சீட்டு எடுப்போம்.

நண்பகல்: சாத்தமும் ஒரு சாதாரணப் படகும்

ராஸிலிருந்து திரும்பியதும், பாலம் வழியே சாத்தம் தீவுக்கு. வரலாற்று வரிசைப்படி இதுவே முதலிடம். 1789-ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் பிளேர் என்னும் கடல் அளவையாளர் ஆங்கிலேயரின் முதற் குடியிருப்பை அமைத்தது இங்கேதான். மூன்றாண்டுகளில் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. அங்கு நோய் மலிந்து, 1796-இல் முற்றிலும் கைவிடப்பட்டது. எஞ்சிய கைதிகள் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். தமிழ் வாசகர்க்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802-இல் நாடு கடத்தப்பட்டதும் அதே பினாங்குக்குத்தான். அப்போது அந்தமானில் குடியிருப்பே இல்லை. இன்னும் சில ஆண்டுகள் அது நீடித்திருந்தால், சிவகங்கைச் சீமையின் அம்மக்கள் இக்கரையிலேயே இறங்கியிருக்கவும் கூடும்.

சாத்தத்தில் வனத்துறையின் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கப்பட்டது. படாக் என்னும் செம்மரவகைப் பலகையின் மணம் வாயிலிலேயே வரவேற்கும். 1942-இல் ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே பாதுகாத்துள்ளனர். முக்கால் மணி நேரம் போதும். இதற்குப் பின் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலான சுற்றுலா முகவர்கள் சொல்வதில்லை. அதில் அவர்களுக்குத் தரகு கிடைக்காது என்பது காரணமாக இருக்கலாம். சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பாம்பூ ஃபிளாட்டுக்கு வாகனங்களையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் அரசுப் படகு ஒன்று நாள்முழுதும் சென்று வருகிறது. அதில் ஏறுக.

பள்ளிப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள்கள், காய்கறி மூட்டைகள், அலுவலகம் செல்வோர் என நகரின் அன்றாட வாழ்வு அதில் பயணம் செய்கிறது. கட்டணம் மிகச் சொற்பம். மேல்தளத்தில் நின்றால் துறைமுகம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். எதிரே உயர்ந்து நிற்பது மவுண்ட் ஹாரியட். 2021-இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் மாற்றினர். 1891-ஆம் ஆண்டுப் போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் அவரைச் சார்ந்தோரும் இக்குன்றின் பகுதியில் சிறை வைக்கப்பட்டிருந்ததன் நினைவாக. அதன் அடிவாரக் கரையில் ஹோப் டவுன் துறை. 1872 பிப்ரவரி 8 அன்று, குன்றின் உச்சியில் சூரியன் மறைவதைக் கண்டு இறங்கிவந்த வைசிராய் மேயோ பிரபு, அத்துறையில் ஷேர் அலி அஃப்ரிதி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். பதவியிலிருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைசிராய் அவரே.

மேற்கே, துறைமுகத்தின் உட்புறத்தில் வைப்பர் தீவு. பிளேரின் கப்பலின் பெயரையே அத்தீவு பெற்றது. 1860-களில் அங்கே எழுந்த சிறையில் கைதிகளை ஒரே சங்கிலியில் பிணைத்து வேலை வாங்கினர். குன்றின் மேலிருக்கும் செந்நிறத் தூக்குமேடைக் கட்டடத்தைப் படங்களில் பலர் கண்டிருக்கலாம். ஷேர் அலி தூக்கிலிடப்பட்டதும் அத்தீவில்தான்; 1872 மார்ச் 11. துறைமுகச் சுற்றுப் படகுகள் இயங்கும் நாள்களில் அத்தீவில் இறங்க இயலுமா என்று விசாரிக்கலாம். எப்போதும் அனுமதி கிடைப்பதில்லை. இறங்க இயலாவிடினும் குறையில்லை. கொலை நிகழ்ந்த துறையும் கொன்றவரின் முடிவு நிகழ்ந்த தீவும் ஒரே நீர்ப்பரப்பின் இரு கரைகளில் இருப்பதை அந்தச் சாதாரணப் படகில் நின்று உணர்வதே பெரிது.

எதிர்க்கரையில் இறங்கி ஒரு தேநீர் அருந்திவிட்டு, அடுத்த படகில் திரும்பிவிடலாம். குன்றின் உச்சிக்குச் செல்ல விரும்பினால் அதற்கே அரைநாள் வேண்டும்.

பிற்பகல்: சிறைக்கு உரிய நேரத்தைச் சிறைக்குத் தருக

செல்லுலார் சிறையை மாலை ஒளி ஒலிக் காட்சிக்கு முந்தைய அரைமணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதை நாங்கள் ஏற்பதற்கில்லை. நண்பகல் இடைவேளை முடிந்து வாயில் திறந்ததும் உள்ளே சென்றுவிட வேண்டும். இரண்டரை மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும்.

1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம் இது. நடுவே ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரைகள்போல் ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று தளம். மொத்தம் 693 அறைகள். ஓர் அறைக்கு ஒருவர். ஒரு சிறகின் அறை வாயில்கள் அடுத்த சிறகின் பின்சுவரை நோக்கியவை. ஆதலால் ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணவே இயலாது. வெட்டவெளியான தீவில், கடலே மதிலாக இருக்கும் இடத்தில், மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதற்கென்றே பத்தாண்டுகள் செலவிட்டுக் கட்டினர். கோபுரத்தின் உச்சிக்கு ஏறுக. காலையில் சென்ற ராஸ் அங்கிருந்து மிக அருகில் தெரியும். அங்கே நடன அரங்கு, இங்கே தனிச்சிறை. இடையில் சிறிது நீர்.

முற்றத்தில் எண்ணெய்ச் செக்கின் மாதிரி உள்ளது. ஒரு கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்பது கணக்கு. மாடு இழுத்தாலும் எட்டாத அளவு. குறைந்தால் தண்டனை. 1912-இல் இந்துபூஷண் ராய் தம் அறையிலேயே உயிர் மாய்த்துக்கொண்டார். உல்லாஸ்கர் தத்தர் சித்தம் கலங்கினார். 1933 மே மாதம் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கியபோது, வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் மாண்டனர். 1937-இல் மீண்டும் உண்ணாநோன்பு. அதன்பின்னரே அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். சிறைக்கு எதிரிலுள்ள பூங்காவில் இங்கே உயிர்நீத்த அறுவரின் சிலைகள் உள்ளன. சிறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவற்றின் பெயர்களைப் படித்தால் அவை வெறும் பெயர்களாகத் தோன்றா.

அதோடு முடிந்ததாக எண்ணிப் பலர் விட்டுவிடும் ஒரு பகுதியும் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் கையில் இருந்தது இதே சிறை. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இந்நகரில் கொடியேற்றினார். அடுத்த இரண்டு வாரங்களில், 1944 ஜனவரி 14 அன்று, மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியரின் சித்திரவதையால் இச்சிறையில் மாண்டார். அதே மாத இறுதியில் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் ஒற்றர்கள் என்ற ஐயத்தின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் குடும்பங்களின் நினைவில் ஆங்கிலேயர் காலத்தைவிட இம்மூன்றரை ஆண்டுகளே ஆழமாகப் பதிந்துள்ளன என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

ஏழில் இன்று எஞ்சியவை மூன்று சிறகுகள். மற்றவை இடிக்கப்பட்டன, 1963-இல் அவ்விடத்தில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அமைந்தது. மீதமிருந்ததையும் இழக்காமல் காத்தவர்கள் முன்னாள் கைதிகளே. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனை நாட்டின் நினைவிடமாக அறிவித்தார். மாலைக் காட்சி பெரும்பாலும் இந்தியில் நடைபெறும். ஆங்கிலக் காட்சி உள்ள நாளைக் கேட்டறிந்து முன்பதிவு செய்க. முற்பகலே சிறையைக் கண்டவர்க்கு அது கூடுதல். காணாதவர்க்கு அது ஈடாகாது.

பாராடாங் ஏன் வேண்டா?

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்வி. பாராடாங் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடியுமுன் நான்கு மணிக்கே புறப்பட்டு, ஜிர்காதாங் சோதனைச் சாவடியில் வாகன அணிவகுப்புக்காகக் காத்திருந்து, காட்டுச் சாலையில் சென்று, மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையைக் கடந்து, பின்னர் விசைப்படகில் அரைமணி நேரம் கழியினூடே சென்று, சுண்ணாம்புக் குகைவரை நடந்து, மீண்டும் அதே வழியில் திரும்ப வேண்டும். மாலையாகிவிடும். கழிப்பயணம் அழகானது என்பதில் ஐயமில்லை. இருபுறத்து மரங்களும் மேலே கைகோத்து நிற்க, பச்சை நீரில் படகு வேகம் தணிந்து நுழையும் அக்காட்சி மறக்க இயலாதது. ஆனால் அதன் சாயலைப் பிச்சாவரத்தில் துடுப்புப் படகிலேயே நம்மவர் காணலாம்; செல்லுலார் சிறைக்கு இணை வேறெங்கும் இல்லை.

மற்றொரு காரணம் அந்தக் காட்டுச் சாலை. அது ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலத்தின் ஊடே செல்கிறது. சில நூறு பேரே உள்ள அம்மக்கள் 1997-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வெளியுலகத்தாரை அச்சமின்றி நெருங்கத் தொடங்கினர். அடுத்த இரண்டாண்டுகளில் தட்டம்மை அவர்களிடையே பரவியது. அவ்வகை நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்களின் உடலுக்குப் பழக்கமில்லாதது. பெரும் அந்தமானியருக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் காப்பு நிலத்தினூடே செல்லும் சாலைப் பகுதிகளை மூட ஆணையிட்டது. போக்குவரத்தோ இன்றும் அணிவகுப்பாகத் தொடர்கிறது. அம்மக்களைப் படமெடுப்பதும், அவர்களுக்கு உணவு தருவதும், வழியில் வண்டியை நிறுத்துவதும் சட்டப்படி குற்றம்.

மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் மக்களுக்கு அச்சாலையே மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்லும் வழி. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல. பாராடாங்கின் படகோட்டிகளுக்கு அதுவே பிழைப்பு. ஆகவே சாலை வேண்டுமா வேண்டாவா என்ற வழக்கில் நாங்கள் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒரே பகலுக்காக வந்த பயணிக்கு அச்சாலையில் சென்றாக வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவு. தேவையுள்ளவர் செல்லட்டும்; வேடிக்கை பார்ப்போர் தவிர்க்கலாம்.

கழிப்பயணம் கண்டே தீர வேண்டும் என்போர்க்கும், இரண்டாவது நாள் கிடைத்தவர்க்கும் வேறு வழி உண்டு. நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் வண்டூர். பெயர் பழகியதாகத் தோன்றுகிறதா? மலபாரில் 1921-இல் நிகழ்ந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் இங்கு நாடு கடத்தப்பட்டவர்கள், தாம் குடியேறிய இடங்களுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே இட்டனர்; வண்டூர், மஞ்சேரி, திரூர், மன்னார்காடு எல்லாம் அவ்வாறு வந்தவை. செல்லும் வழியில் சிப்பிகாட் அருகே நீர் தேங்கிய வெளிகளைக் காணலாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்தமையால் கடல்நீர் புகுந்த விளைநிலங்கள் அவை.

வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள் அடங்கும். ஜாலி பாய் தீவுக்குச் செல்லும் படகு, அலையாத்தி மரங்கள் கரைகட்டிய தீவுகளுக்கிடையே கால்வாய்போன்ற நீர்வழிகளில் புகுந்து புகுந்து செல்கிறது. யாருடைய காப்பு நிலத்தையும் கடக்க வேண்டியதில்லை. இறங்கியபின் கண்ணாடித் தளப் படகில் பவளப்பாறையும் காணலாம். மழைக்காலத்தில் ஜாலி பாய் மூடப்பட்டு, ரெட் ஸ்கின் தீவு திறக்கப்படும், திங்கட்கிழமை விடுமுறை. அனுமதிச் சீட்டை முதல்நாளே நகரில் பெற்றுவிடுக.

பூங்காவுக்குள் நெகிழிப் பொருள்களுக்கு இடமில்லை. குடிநீர்ப் போத்தலுக்கு வாடகையோடு முன்பணமும் வாங்கிக்கொண்டு, மாலையில் போத்தலை ஒப்படைத்ததும் முன்பணத்தைத் திருப்பித் தருவர். எங்களுக்குத் தெரிந்த வைப்புத்தொகைகளுள் முதிர்வுக் காலம் மிகக் குறைந்தது இதுவே. வட்டி மட்டும் கிடையாது.